சுவரில் தொங்கும் வாக்குத்தத்த அட்டை: தேவ பராமரிப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி – தென்காசிக்காரன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், எங்கள் சபையின் வழக்கப்படி தட்டில் வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை என் மனைவி கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுத்தாள். எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம், பின்னணியில் ஒரு சூரியோதயப் படம். அவள் அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி. அந்த வசனத்தை வயிற்றில் இருந்த பிள்ளைக்கே கர்த்தர் எழுதிக் கொடுத்ததாக நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டு, நடுவீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினோம்.

ஜூன் மாதத்தில், ஏழாம் மாதத்திலேயே, 1,100 கிராம் எடையில் எங்கள் மகன் பிறந்தான். 19 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். இருபதாம் நாள் அவனை அடக்கம் செய்தோம். மருத்துவர்கள் மீதோ செவிலியர்கள் மீதோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் ஒருவர் தவறாமல், "தேவனுக்கு இதில் பெரிய திட்டம் இருக்கிறது", "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். இப்போது எங்கள் போதகர், வருகிற மாதம் நடக்கவிருக்கும் குடும்பக் கூடுகையில், "தேவன் அந்தத் துயரத்தின் வழியாக உங்களுக்கு எதைக் கற்பித்தார் என்று சாட்சி சொல்லுங்கள்" என்று அன்போடுதான் கேட்டிருக்கிறார். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. காலையில் ஜெபிக்கிறேன், ஞாயிறு தவறாமல் போகிறேன். ஆனால் என் மகன் எதற்காக இறந்தான் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததுபோல் ஒலிபெருக்கியின் முன் நின்று பேசவும் முடியவில்லை.

சில வாரங்களுக்கு முன் பார்த்தபோது, அந்த அட்டை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மனைவிதான் திருப்பியிருக்கிறாள். கிழிக்கவில்லை, கழற்றவும் இல்லை. நான் அதைப் பற்றி அவளிடம் எதுவும் பேசவில்லை. எல்லாம் தேவனுடைய கவனிப்புக்குள் நடக்கிறது என்ற அர்த்தத்தில் தேவ பராமரிப்பு என்று நாம் சொல்வது, எங்கள் தெருவில் மற்றவர்கள் தலைவிதி என்று சொல்வதிலிருந்து உண்மையில் வேறானதா? வேறானது என்றால், நோக்கம் தெரியாத ஒரு இழப்பில் அதை நம்புவது என்பதற்கு என்ன பொருள்? ஆறுதல் வார்த்தைகள் நிறையவே கிடைத்துவிட்டன. யோசித்துப் பதில் சொல்பவர்கள் சொன்னால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

பதில் – ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்

அன்புள்ள தம்பிக்கு, உங்கள் மகனை நினைத்து என் ஜெபத்தில் சிறிது நேரம் தரித்திருந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டையைப் பற்றி. வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் பழிக்கமாட்டேன். என் தாயார் எடுத்த அட்டைகள் இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கின்றன. ஆனால் ஒரு வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து கத்தரித்துச் சூரியோதயப் படத்தின் மேல் அச்சடிக்கும்போது, அச்சகத்தார் அறியாமலேயே அதன் முகவரியை மாற்றிவிடுகிறார்கள். எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதி அனுப்பப்பட்டது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தருடைய நாமத்தில் சொல்கிறான், ஜனங்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று எழுதுகிறார். கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் எருசலேமை மறுபடி காணப்போவதில்லை. நீங்கள் சுவரில் மாட்டிய வசனம் அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. ஆகவே அது 19 நாளில் பொய்த்துப்போன வாக்கு என்று நினைக்க வேண்டாம். அந்த ஆண்டுக்குள், அந்தப் பிரசவத்துக்குள் நிறைவேறும் என்று அது முதலிலிருந்தே சொல்லவில்லை. நாம்தான் அதை அனனியாவின் வாக்காக வாசிக்கப் பழகியிருக்கிறோம்.

அடுத்து ரோமர் 8:28. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள "ஏதுவாக" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். சகலமும் நன்மை என்று பவுல் எழுதவில்லை. அந்த நன்மை எது என்பதை அடுத்த வசனமே சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பது. துக்க வீட்டில் இந்த வசனத்தைச் சொல்பவர்கள் 29ஆம் வசனத்துக்குப் போவதில்லை; போனால், இழந்ததற்கு ஈடாக இன்னொன்று கிடைக்கும் என்ற அர்த்தத்தில் அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

உங்கள் போதகரின் வேண்டுகோளைப் பொறுத்தவரை, யோசேப்பின் வாழ்க்கையை எண்களோடு வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 17 வயதில் அவன் சகோதரர்களால் குழியில் போடப்பட்டு, விற்கப்படுகிறான். 30 வயதில் பார்வோனுக்கு முன்பாக நிற்கிறான். ஏழு வருஷம் விளைச்சலும் இரண்டு வருஷம் பஞ்சமும் கழிந்த பிறகுதான், அதாவது விற்கப்பட்டு 22 ஆண்டுகளுக்குப் பின், ஜீவரட்சணைக்காகத் தேவன் தன்னை முன்னே அனுப்பினார் என்று முதன்முதலாகச் சொல்கிறான். தீமையைத் தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்று நாம் மேற்கோள் காட்டும் ஆதியாகமம் 50:20, யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து மரித்த பிறகு வருவதால், குழியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 39 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வார்த்தையைச் சொன்னவன் பாதிக்கப்பட்டவனே. குழிக்கு மேலே நின்று அப்பம் புசித்துக்கொண்டிருந்த சகோதரர்கள் அதைக் குழிக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், அதே வார்த்தை எவ்வளவு கொடூரமாக இருந்திருக்கும்! அந்த 50ஆம் அதிகாரத்திலேயே, மூன்று வசனங்களுக்கு முன், யோசேப்பு அழுதான் என்றும் எழுதியிருக்கிறது. நன்மையாக முடியப்பண்ணினார் என்று சொல்ல முடிந்தவனுக்கும், 39 ஆண்டுகளுக்குப் பிறகும், கண்ணீர் வற்றவில்லை.

உங்கள் இழப்புக்கு இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. சாட்சி சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை என்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

பதில் – ஆலங்குளம் சகோதரர்

ஐயா எழுதியது அருமையாக இருக்கிறது என்றாலும், ஒரு காரியத்தை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் கூட்டாளியால் ஏமாற்றப்பட்டு, அரிசி மண்டியையும் குடியிருந்த வீட்டையும் விற்றுக் கடன் அடைத்தவன் நான். அப்போது என்னைப் பிழைக்க வைத்தது வேத ஆராய்ச்சி அல்ல. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எழுந்து, மனம் ஒத்துழைக்காவிட்டாலும், வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொன்னதுதான். 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று கட்டளையாகவே சொல்கிறது. புரிந்த பிறகு செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சகோதரர் சாட்சி சொல்ல மறுத்தால் அது துக்கத்துக்குள் கதவை அடைத்துக்கொள்வதாக ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். சபையில் இன்னொரு தம்பதி இதே நிலையில் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா?

பதில் – ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்

ஆலங்குளம் தம்பி சொன்னதில் இருக்கும் உண்மையை நான் மறுக்கவில்லை. அந்த விடியற்காலை ஸ்தோத்திரம் அவர் விலை கொடுத்து வாங்கியது. அந்த வசனம் எல்லாவற்றிலேயும் என்று சொல்கிறது, எல்லாவற்றுக்காகவும் என்று சொல்லவில்லை என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்றே சொல்வதால், அந்தச் சுலபமான வழி எனக்குக் கிடையாது. ஒன்றை மட்டும் சொல்வேன். மண்டி போனதற்காக ஸ்தோத்திரம் சொல்லத் துணிந்தவர் அதைத் தன் மண்டிக்காகச் சொன்னார். பிள்ளையை இழந்த வேறொருவர் வாயில் அதை வைத்துவிட நமக்கு அதிகாரம் இல்லை. சபையில் இன்னொரு தம்பதி உட்கார்ந்திருக்கலாம் என்பது சரி. அவர்களுக்குக் கேட்க வேண்டியது எது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

1563இல் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை என்ற விசுவாசப் பாடநூல், இலையும் புல்லும், மழையும் வறட்சியும், சுகமும் வியாதியும் தற்செயலாக அன்றிப் பிதாவின் கரத்திலிருந்தே வருகின்றன என்று மிகத் துணிச்சலாகக் கற்பிக்கிறது. அவ்வளவு சொல்லிவிட்டு, இதை அறிவதனால் நமக்கு என்ன பயன் என்று அடுத்த வினாவில் கேட்கும்போது, துன்பத்தில் பொறுமை, நன்மையில் நன்றி, வருங்காலத்தைக் குறித்து நம்பிக்கை என்று பதில் தருகிறது. துன்பத்தின் காரணம் தெரிந்துவிடும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. நாற்பது ஆண்டுகள் அதைப் பாடமாக நடத்திய எனக்கு, ஓய்வு பெற்ற பிறகுதான் அது உறைத்தது.

பதில் – கோட்டாற்றுக்காரி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். நீங்கள் தேவ பராமரிப்பு என்பதை நாங்கள் இறைப்பராமரிப்பு என்போம், பொருள் ஒன்றே. தலைவிதி பற்றிய உங்கள் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தமிழில் இந்தக் குழப்பம் எளிதில் வரும். "தெய்வத்தான் ஆகா தெனினும்" என்ற குறளில் வரும் தெய்வம் என்ற சொல்லையே ஊழ் என்ற பொருளில்தான் உரைகள் விளக்குகின்றன. அந்த மொழியில் வளர்ந்த நம் காதில், "இறைவன் சித்தம்" என்று யாராவது சொன்னால், "விதி, விடு" என்றே விழுகிறது. சொல்பவர்களும் பல நேரம் அந்தத் தொனியில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊழுக்கு முகம் கிடையாது. அதனிடம் ஏன் என்று கேட்கவும் முடியாது, அது பதில் சொல்லவில்லை என்று கோபிக்கவும் முடியாது. திருப்பாடல்களில், அதாவது நீங்கள் சங்கீதம் என்பதில், புலம்பல்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். 88ஆம் திருப்பாடல் வெளிச்சத்தில் முடியக்கூட இல்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள், இருள்தான் மிச்சம் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனாலும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை "நீர்", "உம்மை" என்று யாரையோ பார்த்தே பேசுகிறது. உங்கள் கேள்வியில்கூட விதியை நம்புகிறவருடைய சோர்வு இல்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவருடைய கோபமே தெரிகிறது.

எங்கள் ஊர்ப் பேராலயத்தில் புனித தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. சிறு வயதிலிருந்து அதன் பக்கத்தில் முழங்காலிட்டவள் என்பதால் அவர் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்த நீலகண்டன், கால்நடையும் விளைச்சலும் அழிந்து மனம் ஒடிந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் மார்த்தாண்ட வர்மரின் படையிலேயே பணியாற்றிய, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு, செல்வத்தையும் பிள்ளைகளையும் இழந்த விவிலிய யோபுவின் கதையைச் சொன்னார் என்பது எங்கள் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன் பிறகு அவருக்கு மாடுகள் இரட்டிப்பாகத் திரும்பி வரவில்லை. கைது, சவுக்கடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்ற அவமானம், கடைசியாக 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15இல். இடையில் 270 ஆண்டுகள்.

நான் அடிக்கடி நினைப்பது இது: யோபு நூலின் கடைசி அதிகாரத்தை, அதாவது எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்ததை, டிலனாய் ஆறுதலாகக் கொடுத்திருந்தால் நீலகண்டன் முதல் சவுக்கடியிலேயே அந்த விசுவாசத்தை விட்டிருப்பார். அவர் அந்தக் கதையின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சாம்பலில் உட்கார்ந்து, விளக்கம் எதுவும் கிடைக்காமல், கடவுளோடேயே வழக்காடிக்கொண்டிருக்கிற யோபுவை. விளக்கம் கொடுத்த நண்பர்களைப் பார்த்துத்தான், என் ஊழியன் யோபுவைப்போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் சினந்துகொள்கிறார். அந்த நண்பர்கள் சரியாகச் செய்தது ஒன்றே ஒன்று: முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள்.

பதில் – இயன்முறை மருத்துவர்

வேலூரில் பயின்றவன் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. டாக்டர் மேரி வர்கீஸ் பெயரை எங்கள் துறையில் அறியாதவர் இல்லை. 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார், 1972இல் பத்மஸ்ரீ பெற்றார், 1986இல் மறைந்தார். பிரசங்கங்களில் இவர் கதையை, "பார்த்தீர்களா, விபத்து எதற்காக நடந்தது என்று!" என்று முடிப்பார்கள். எனக்கு அது உறுத்தும். மறுவாழ்வுப் பிரிவுக்கு வரும் நோயாளி முதல் சில வாரங்கள் ஏன் என்று மட்டுமே கேட்பார். பல மாதங்கள் கழித்து ஒரு நாள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு யார் துணையும் இல்லாமல் மாறுவது எப்படி என்று கேட்பார். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததால் இரண்டாம் கேள்விக்கு வந்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. முதலாவது அப்படியே இருக்க, பக்கத்தில் இரண்டாவது முளைக்கிறது. அதை முன்கூட்டியே முளைக்கச் செய்ய எங்களிடம் பயிற்சி எதுவும் இல்லை. மேரி அம்மையாருக்கும் அது ஒரே நாளில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பதில் – இரண்டு பிள்ளைகளின் தாய்

எனக்குப் பிறந்தது மூன்று, இருப்பது இரண்டு. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி. இவ்வளவு பேரிடம் கேட்ட நீங்கள், அட்டையை ஏன் திருப்பினாய் என்று உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் மூன்று ஆண்டுகள் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். மற்றவருக்கு விசுவாசம் போய்விட்டதோ என்று இருவருமே பயந்துகொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேள்வி கேட்டவர் – தென்காசிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்ட கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று இரவு சாப்பிட்ட பிறகு கேட்டேன். அவள் சொன்ன காரணம் நான் எண்ணியிருந்த எதுவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் அந்த அட்டையைப் பார்த்து, சத்தமாக வாசித்து, அதை வைத்தே பேச்சைத் தொடங்குகிறார்களாம்; அவர்கள் வாசிக்காதிருக்கும்படி திருப்பி வைத்தாளாம். "அது எனக்கு வந்த வசனம், நான் அடுப்படியிலிருந்து தனியாக வரும்போது திருப்பிப் பார்த்துக்கொள்வேன்" என்றாள். எங்கள் மகன் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டியை அட்டையின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். அட்டையைத் திருப்பிய பிறகு அந்தப் பக்கம்தான் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளாக நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

எரேமியா 29ஐ முழுவதுமாக இருவரும் சேர்ந்து வாசித்தோம். ஆசிரியர் ஐயா சொன்ன அனனியாவின் பகுதியையும் அவள் வாசிக்கச் சொன்னாள். எழுபது வருஷம் என்ற இடத்தில் நிறுத்தி, "அப்படியென்றால் அவர்கள் அங்கேயே தோட்டம் போட்டார்களா?" என்று கேட்டாள். போட்டிருப்பார்கள் என்றேன்.

போதகரைத் தொலைபேசியில் அழைத்து, சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன், விளக்கம் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தச் சங்கீதத்தை இதுவரை எந்தக் கூடுகையிலும் வாசித்ததாகத் தனக்கு நினைவில்லை என்றார். பிறகு, வாசித்து முடித்ததும் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கலாம் என்று கேட்டார். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.